குற்றாலத்தில் குளிக்காதவள்

புதிதாகப் பிரசவ வார்டுக்கு வந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாசலில் ஒருத்தி வந்து நின்றதுமே அவள் முகத்தைப் பார்த்து, ‘இவள் உண்டாகியிருக்கிறாள்’ என்று உங்களுக்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த உத்தியோகத்துக்குத் தென்காசியில் ஏற்கெனவே ஆட்கள் அதிகம். யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்பு நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த ஊரில் இதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் என்று ஒருவரும் இல்லை. வளையல்காரர் மணிக்கட்டைப் பிடித்ததும் சொல்லிவிடுவார். பால்காரர், அந்த வீட்டில் தயிர் வாங்குவது நின்றதை வைத்துச் சொல்வார். எதிர்வீட்டுக்காரி, காலையில் வாய் கொப்பளிக்கும் சத்தத்தைக் கேட்டே எத்தனையாவது மாதம் என்று சொல்லி, ஆணா பெண்ணா என்பதையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பாள். இத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்றால், பாதி நேரம் தெரியாது. அவளிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

நம் பாடப்புத்தகம் மட்டும் என்ன வாழ்ந்தது. வாந்தி, தலைசுற்றல், அசதி, சாப்பாட்டில் வெறுப்பு, சில வாசனைகள் ஆகாமல் போவது, அடிக்கடி கொல்லைப்பக்கம் போவது. மேலிடத்திலிருந்து ஆஸ்பத்திரியைப் பார்வையிட அதிகாரி வருகிற நாளில் இவை அத்தனையும் எங்கள் எல்லோருக்குமே வரும், கம்பவுண்டர் உட்பட. இப்போது சந்தேகம் வந்தால் நீங்கள் சோதனைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். அன்று எங்களுக்கு இருந்தது கண், கை, ஒரு கதவு. கதவைத்தான் நான் முதலில் சொல்வேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒருத்தி ‘குளிக்கலை’ என்றால், ‘முழுகாம இருக்கா’ என்றால், பொருள் வேறு. மாதாமாதம் தீட்டுக் கழிந்து தலைக்குத் தண்ணீர் விடுகிறவள் இந்த மாதம் விடவில்லை, பிள்ளை தங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெட்கப்பட்டு எதையும் நேராகச் சொல்லாத ஊர் இது. சுற்றிவளைத்து ஒரு சொல்லைக் கண்டுபிடிப்போம், பிறகு அந்தச் சொல்லைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வோம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் மாற்றலாகி வந்தார். நல்ல மனுஷர், மருந்தில் கெட்டிக்காரர். தமிழை மட்டும் யாரோ அவருக்குப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்த புதிதில் இலத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து, குனிந்த தலை நிமிராமல், “மூணு மாசமா குளிக்கலை அய்யா” என்றாள். டாக்டர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு தோலில் உள்ள துவாரங்களைப் பற்றியும், அழுக்கினால் வரும் வியாதிகளைப் பற்றியும் விஸ்தாரமாக எடுத்துச் சொல்லி, கைகழுவ வைத்திருந்த புதுச் சோப்புக் கட்டியைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுத்தார். அவள் வெளியே வந்து என்னிடம், “அக்கா, இதைத் திங்கவா, பூசவா?” என்று கேட்டாள்.

நான் போய் விளக்கியதும் டாக்டர் மிகவும் வருத்தப்பட்டார். அதோடு விட்டிருக்கலாம். அன்றிலிருந்து கட்டி என்று வந்தாலும் காய்ச்சல் என்று வந்தாலும், பெண்ணாக இருந்தால் முதலில் “குளித்தாயிற்றா?” என்று கூடம் அதிரக் கேட்க ஆரம்பித்தார். பல்வலிக்கு வந்திருந்த எழுபது வயது ஆச்சி ஒருத்தி, வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து அவரைத் திருப்பிக் கேட்ட கேள்வியை இங்கே சொல்ல முடியாது.

ஆனாலும் அது வெளியூர்க்காரர் செய்த பிழை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாய்ப்பாலோடு இந்தத் தமிழைக் குடித்தவர்களும் அதே வார்த்தையில் வழுக்கி விழுந்தார்கள். அதுவும் எங்கே, குற்றாலத்தில். ஊர் உலகமெல்லாம் குளிப்பதற்கென்றே வருகிற இடத்தில்.

ஆய்க்குடியில் ஒரு பண்ணையார் இருந்தார். குளத்துப் பாசனத்தில் நல்ல வயல், கம்பீரமான மீசை, ஒரே மகன். வீட்டை நடத்தியது அவருடைய சம்சாரம் உலகம்மை. மகனுக்குக் கோமதி என்ற பெண்ணைக் கட்டி வைத்து ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. ஆறு வருஷமும் கோமதியை அரசமரம் சுற்ற வைத்தார்கள், கஷாயம் குடிக்க வைத்தார்கள், எந்த வீட்டு வளைகாப்புக்கும் முன்வரிசையில் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் உலகம்மை ஒரு முடிவுக்கு வந்தாள். திருவேங்கடம் என்ற ஊரில் இருக்கும் தன் அண்ணன் மகளை மகனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டுவது, ஆவணியில் தாம்பூலம் மாற்றுவது. மகனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பான்.

இரண்டாந்தாரம் வந்தபிறகு முதல் தாரத்தின் கதி என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவளுக்கு ஒரு பிள்ளை பிறந்ததும் கோமதி அந்த வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரி. அப்பா இல்லாத பெண் அவள், திரும்பிப் போகவும் இடமில்லை.

ஊர் வாய்க்குப் பதில் வேண்டுமே, எல்லாம் செய்து பார்த்தாயிற்று என்று சொல்ல வேண்டுமே. அதற்காக உலகம்மை, ஆனியில் சாரல் விழ ஆரம்பித்ததும் மருமகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்தில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து வந்து இறங்கினாள். அருவித் தண்ணீர் உடம்புச் சூட்டை எடுத்துவிடும், சூடு போனால் பிள்ளை தங்கும் என்று இலத்தூர் வைத்தியர் சொல்லியிருந்தார். உலகம்மைக்கும் உடம்பு சரியில்லை. கொஞ்ச நாளாகத் தலைசுற்றல், காலையில் குமட்டல். பித்தம் என்று அதற்கும் அருவியைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார் அதே வைத்தியர்.

முதல் நாள் பேரருவியில் பெண்கள் கூட்டத்துக்குள் கோமதியைப் பிடித்துத் தள்ளினார்கள். தண்ணீர் விழுந்த வேகத்தில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. மறுநாள் வலி, அதற்கு மறுநாள் காய்ச்சல், பிறகு சீழ். அதோடு அவள் அருவிப் பக்கமே போகவில்லை. காதில் பஞ்சும் தலையில் துணியுமாக அறைக்குள் கிடந்தாள். உலகம்மையோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் அருவியில் நின்றாள். நின்று நின்று தோல் சுருங்கியது, பித்தம் மட்டும் தணியவில்லை.

பங்களாவில் சமையலுக்கு இருந்தவர் செங்கோட்டைக்காரர். அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம். அரிசி வாங்கிவர ஆய்க்குடிக்குப் போன அவரிடம், அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று பண்ணையார் விசாரித்தார். “ஆச்சி சுகமாக்கும். சின்னம்மைதான் குளிச்சில்லா” என்றார் அவர். மருமகள் குளிக்கவில்லை என்பதைத்தான் அவர் பாஷையில் அப்படிச் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, வந்ததிலிருந்தே, ஒரு மாசம் ஆயிற்று என்றார்.

பண்ணையார் அதற்குமேல் கேட்கவில்லை. சமையற்காரரிடம் மருமகளின் உடம்பைப் பற்றி மேற்கொண்டு விசாரிப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தார். மரியாதை பார்த்ததால் நடந்த கோளாறுகளை மட்டும் எழுதினாலே ஒரு புத்தகம் தேறும். இரண்டாந்தாரத்தில் அவருக்கு உள்ளூர இஷ்டமில்லை, வீட்டில் சொல்லத் தைரியமும் இல்லை. அப்படிப்பட்டவர் காதில் இந்தச் செய்தி தேனாகப் பாய்ந்திருக்க வேண்டும். வீட்டில் குழந்தை உண்டானால் முருகன் கோயிலில் படிப்பாயசம் ஊற்றுவதாக நேர்ந்திருந்தார். அன்றைக்கே ஆற்றங்கரைப் படியில் பாயசத்தை ஊற்றி, ஊர்ப் பிள்ளைகள் அதை நக்கிச் சாப்பிடுவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, வைத்தியரை வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் புறப்பட்டார். மகனும் வழியில் அல்வா வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அதன்பிறகு கோமதி பேசியது எதுவும் எடுபடவில்லை. காதுவலி மாமா என்றாள். வெட்கப்படுகிறாள் என்றார்கள். சோறு இறங்காததை மசக்கை என்றார்கள். தலையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, இப்போதே காற்றுப் படாமல் என்ன கவனம் பாருங்கள் என்று மெச்சினார்கள். வைத்தியர் அவள் மணிக்கட்டில் விரலை வைத்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்து, ஆண் பிள்ளை என்றார். காதில் சீழ் பிடித்துக் காய்ச்சல் அடித்தால் யாருக்கும் நாடி துள்ளத்தான் செய்யும், வைத்தியருக்கே துள்ளும்.

ஒத்துக்கொள்ளாதவள் உலகம்மை ஒருத்திதான். போன வாரம்கூட மருமகள் மூன்று நாள் பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தவள். தங்கின பிறகும் சிலருக்கு ஒரு தடவை அப்படிப் படும் என்று வைத்தியர் சொன்னார். புருஷனும் வைத்தியரும் ஒரு பக்கம், உலகம்மை ஒரு பக்கம். ஆவணி நெருங்குகிறது, அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு நிற்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பார்த்து ஒரே சொல்லாகச் சொல்லட்டும், அதுதான் முடிவு என்று அவளே என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினாள்.

ஆள் என்றால் அந்தச் சமையற்காரர்தான், வில்வண்டியோடு வந்தார். வழியில் அவர் என்னிடம், சின்னம்மைக்குக் காதுவலி, அதனால் குளிக்கவில்லை, அதற்கு எதற்குப் பாயசம் ஊற்றினார்கள் என்று தனக்கு மனசிலாகவே இல்லை என்றார். எனக்குக் குற்றாலம் போய்ச் சேருமுன்பே எல்லாம் மனசிலாகிவிட்டது. சிரித்துக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பங்களா வாசலில் இறங்கியதும் சிரிப்பு நின்றது.

வராந்தாவில் பண்ணையார், வைத்தியர், அல்வாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மகன். பண்ணையார் எழுந்து வந்து, நீங்கள் சும்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆய்க்குடியில் பாயசம் ஊற்றியாயிற்று என்றார். உள்வாசலில் உலகம்மை நின்றாள். அப்போதுதான் மாலைக் குளிப்பு முடித்து வந்திருந்தாள், தலையில் ஈரத்துண்டு. நன்றாகப் பார்த்து இல்லை என்று சொல்லிவிடுங்கள் நர்ஸம்மா, ஆவணிக்கு நாளில்லை என்றாள். இரண்டு பேரும் எனக்காகப் பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள்.

நான் முதலில் செய்தது கதவைச் சாத்தியதுதான். அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கதவுக்கு எதிரே உட்கார்ந்து எந்தப் பெண்ணும் தன் உடம்பைப் பற்றி உண்மை பேசமாட்டாள். உலகம்மையையும் வெளியே இருக்கச் சொன்னேன், அவள் அசையவில்லை. மூன்று பேருமாக உள்ளே இருந்தோம்.

கோமதியிடம் கேட்டேன். நான் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னாள். பார்க்க வேண்டியதையும் பார்த்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை, காதைத் தவிர. காதைச் சுத்தம் செய்து மருந்து விட்டேன். ஆறு வருஷத்தில் அவள் சொன்ன இடத்தில் ஒருவர் மருந்து போட்டது அதுதான் முதல்முறையாக இருக்கும். பஞ்சை வைத்து முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்த்து, “அப்பம் ஆவணியில அவ வந்துருவாளா அக்கா?” என்று கேட்டாள். குரலில் அழுகை இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோல்தான் கேட்டாள்.

அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெயில் கடுகு தாளிக்கிற வாசனை வந்தது. உலகம்மை ஈரத்துண்டை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். கோமதி யாரும் சொல்லாமலே எழுந்து, மாடத்தில் இருந்த ஒரு துண்டு உப்பு நார்த்தங்காயையும் செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். தினமும் செய்து பழகிய கைதான் அப்படிப் போகும். திரும்பி வந்தவளிடம், உன் அத்தைக்கு இது எத்தனை நாளாக என்று மெல்லக் கேட்டேன். குற்றாலம் வருவதற்கு முன்பே இருந்து என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இவளுக்கு எப்போதோ தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையில்லாதவள் இதைச் சொன்னால் பொறாமையில் சொல்கிறாள் என்றுதானே ஊர் சொல்லும்.

உலகம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்ததும், மாதாமாதம் வருவது எப்போது நின்றது என்று கேட்டேன். அது பங்குனியோடு ஓய்ந்துவிட்டது, மருமகள் எடுத்தவளுக்கு இன்னும் என்ன என்றாள். அவளுக்கு அப்போது வயது நாற்பது. மாமியார் ஆகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நின்றுவிடும் என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். பித்தத்தையும் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிப் படுக்க வைத்தேன். அடிவயிற்றில் கை வைத்ததும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று.

வீட்டில் குளிக்கவில்லை என்று ஊரெல்லாம் பாயசம் ஊற்றியது பொய்யில்லை. ஆனால் அந்த அர்த்தத்தில் குளிக்காதவள் நாள்தோறும் இரண்டு வேளை அருவியில் குளித்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் குளிக்காமல் கிடந்தவளோ போன வாரம்தான் குளித்திருந்தாள்.

சொன்னேன். முதலில், வாயைக் கழுவுங்கள் என்று என்னைத் திட்டினாள். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இதற்கு ஏதும் மருந்து உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு அவள் கண் மெல்ல நகர்ந்து கோமதியின் மேல் போய் நின்றது. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

“நர்ஸம்மா, வெளிய பாயசம் ஊத்தியாச்சு, வைத்தியரும் சொல்லியாச்சு. இவளுக்குத்தான்னு நீங்களும் சொல்லிட்டுப் போயிருங்க. நாங்க ஊருக்குப் போவாம இங்கனயே இருந்துக்கிடுதோம். பிறந்த பிறகு இவ பிள்ளையா எடுத்துட்டுப் போறோம்.”

அரைமணி நேரத்துக்கு முன்னால், இல்லை என்று சொல்லச் சொன்ன அதே வாய். என் வேலையில் பல நோய்கள் குணமாகிப் பார்த்திருக்கிறேன், ஒரு கொள்கை இத்தனை சீக்கிரம் குணமானதை வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளே. எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பாடமில்லை. கோமதிக்கு இல்லை என்பதை நான் வெளியே போய்ச் சொல்லலாம், அதைச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். அதை மட்டும் சொன்னால் ஆவணியில் திருவேங்கடத்துப் பெண் வந்துவிடுவாள். கோமதியைக் காப்பாற்றக்கூடிய உண்மை உலகம்மையின் வயிற்றில் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மிச்சமிருப்பது பொய். அந்தப் பொய்யைச் சொன்னால் கோமதி தப்பிப்பாள், உலகம்மையின் மானம் தப்பும், பண்ணையாரின் பாயசம் தப்பும், வைத்தியரின் நாடிகூடத் தப்பும். எல்லோருக்கும் சௌகரியம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பொய் எனக்கு நாக்கின் நுனி வரை வந்தது.

கதவுக்கு வெளியே பண்ணையார் கனைத்தார். நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “ஆச்சி, இவகிட்டக் கேளுங்க. இவ வயித்தைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு, இவதான் இன்னும் பேசலை” என்றேன். அவள் சொல்லாமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்றும் சொன்னேன்.

கோமதி காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டாள்.

“பிள்ளையை நான் வளக்குதேன் அத்தை. நான் சொமந்தேன்னு சொல்ல மாட்டேன்” என்றாள்.

“சொன்னா நீ தப்பிச்சேட்டி. உனக்கு மேல ஒருத்தி வரமாட்டா.”

“இப்பம் வரமாட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு, அடுத்தது எங்கன்னு கேப்பிய. அப்பம் நான் எங்க போய்க் கொண்டுவர?”

உலகம்மைக்கு அதுவரை அடக்கிவைத்திருந்தது உடைந்தது. மருமகள் இருக்கிற வீட்டில் மாமியார் பிள்ளை பெற்றால் ஊர் சிரிக்குமே, வாசலில் எப்படி நிற்பேன் என்று வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோமதி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சிரிக்கட்டும் அத்தை. ஆறு வருஷமா என்னைப் பாத்துத்தான் சிரிக்காவ. இனிமே ரெண்டு பேருமா நின்னு கேட்டுக்கிடுவோம்.”

அந்தச் சொல்லில் கேலி இல்லை, பழிவாங்கலும் இல்லை. துணைக்கு வருகிறேன் என்று சொன்னாள், அவ்வளவுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்துப் பையை மூடினேன். எனக்கும் கண் கலங்கியது.

உலகம்மை எழுந்தாள். முகத்தைத் துடைத்து, சேலையைச் சரிசெய்து, அவளே கதவைத் திறந்தாள். வராந்தாவில் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

“நீங்க கேட்டது நெசம்தான். இந்த வீட்டுல குளிக்கலை. அது இவ இல்லை, நான்.”

பண்ணையார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீ என்ன சொல்லுதே? இப்பதான அருவிக்குப் போயிட்டு வந்தே. தலைகூட இன்னும் காயலை.”

மருமகள் குளிக்கவில்லை என்றதும் படி நிறையப் பாயசம் ஊற்றிய மனிதர் இவர்தான். முதலில் புரிந்துகொண்டவர் வைத்தியர். செங்கோட்டை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவருக்கு ரயிலில் போக வேண்டிய ஊரே கிடையாது. அடுத்தபடியாக மகனுக்குப் புரிந்தது. அவன்தான் பாவம். அப்பா ஆகப்போகிறோம் என்று அல்வாவோடு வந்தவன் அண்ணன் ஆகியிருந்தான். கடைசியில் பண்ணையாருக்குப் புரிந்து, மீசையைத் தடவப் போன கை பாதியில் நின்றது. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

உலகம்மை அவரை விடவில்லை. “திருவேங்கடத்துக்கு ஆள் அனுப்புங்க. மகன் பிறந்து இருபத்தி நாலு வருஷம் கழிச்சு எனக்கு இப்பம் தங்கியிருக்கு. இத்தனை வருஷத்துல எனக்கு மேல ஒருத்தியக் கொண்டுவரணும்னு ஒருத்தரும் சொல்லலை. இவளுக்கு ஆறு வருஷம்தான் ஆவுது. எங்க அண்ணன் கோவிச்சா கோவிச்சுக்கிடட்டும், தாம்பூலம் வேண்டாம்.”

அவள் ஒரே மாலையில் உத்தமியாகிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். பிறகும் கோமதியை அதட்டத்தான் செய்தாள், பிரசவ வலியிலும் அதட்டினாள். ஆனால் அந்த வீட்டில் தன்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் ஒருத்தி வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

திரும்பி வரும்போதும் வண்டியில் சமையற்காரர்தான் துணைக்கு வந்தார். ஆற்றுப்பாலம் தாண்டியதும், “அப்போள் சின்னம்மை இனி குளிக்குமோ?” என்று கேட்டார். காது ஆறியதும் குளிப்பாள் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கு அந்தப் பங்களாவில் சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொண்ட ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

ஊர் சிரித்தது. சிரிக்காமல் இருக்குமா. வயலுக்குப் போகிற வழியில் பண்ணையாரைக் கண்டவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். கோயிலுக்கு மாமியாரும் மருமகளும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள். பிறகு வேறொரு வீட்டில் வேறொரு சங்கதி கிடைத்ததும் சிரிப்பு அங்கே குடிபோயிற்று. மார்கழியில் எங்கள் வார்டில்தான் பிரசவம். கோமதி தலைமாட்டில் நின்றாள், நான் பிள்ளையைத் துடைத்து முதலில் அவள் கையில்தான் கொடுத்தேன். பெண் குழந்தை. தான் பார்த்த நாடி வேறொருத்தியுடையது என்று வைத்தியர் சமாதானம் சொன்னாராம்.

இதை நான் எங்கே சொன்னாலும், முடித்த கையோடு ஒரு கேள்வி வரும். இப்போது உங்கள் முகத்திலும் அது தெரிகிறது. கோமதிக்குப் பிறகு பிள்ளை பிறந்ததா? வளையல்காரரையும் வைத்தியரையும் பண்ணையாரையும் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், கடைசியில் நீங்களும் அவள் வயிற்றைத்தான் பார்க்கிறீர்கள். அவள் அந்த வீட்டில் கடைசிவரை அவள் இடத்தில் இருந்தாள், அவளுக்கு மேல் யாரும் வரவில்லை. நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். மற்றது அவளுடையது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ஆய்க்குடிக்குப் போய் அவளிடமே கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் கதவைச் சாத்துங்கள்.